மின்விளையாட்டு: நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு ஏணி எங்கே?

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் ஆலய மதிலின் கீழ்ப்பக்க மூலையில் ஒரு கூட்டம் கூடிவிடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கரையில் நிற்கும் காலம் அது. செபிக்க வந்த கூட்டம் என்று யாரும் மகிழ்ந்துவிட வேண்டாம். அந்த மூலையில்தான் செல்போன் சிக்னல் தடையில்லாமல் கிடைக்கிறது. பதினான்கு வயது முதல் இருபத்திரண்டு வயது வரையுள்ள பிள்ளைகள் மதிலில் சாய்ந்தபடி, தலை குனிந்து, கையில் செல்போனைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, "வலது பக்கம் வர்றான்டா, மேல ஏறுடா" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். திருப்பலிக்கு மணி அடித்தாலும் அவர்கள் காதில் விழாது. காதில் வேறொன்று மாட்டியிருக்கிறதே!

நாமும் மற்றப் பெரியவர்களைப் போலத்தான் பல ஆண்டுகளாக அவர்களை விரட்டிக்கொண்டிருந்தோம். அப்படியிருக்க, சென்ற தடைக்காலத்தில் ஒருநாள் அவர்களில் ஒருவன், பன்னிரண்டாம் வகுப்பை முடிக்காமல் நின்றுவிட்ட பையன், பங்கு இல்லத்திற்கு வந்தான். "ஃபாதர், சென்னையில ஒரு டீம்ல செலக்‌ஷன் வச்சிருக்காங்க. ஆன்லைன்லயே பார்ப்பாங்க. நம்ம ஹால்ல இருக்கிற இன்டர்நெட்டை மூணு நாள் தருவீங்களா?" என்று கேட்டான். நாம் தரவில்லை. விளையாட்டுக்கு எதற்கு இன்டர்நெட் என்று கேட்டு அனுப்பிவிட்டோம். அவன் மதிலோரம் நின்றே ஆடினான். தேர்வாகவில்லை. சிக்னல் விட்டுவிட்டு வந்ததுதான் காரணமா, திறமை போதவில்லையா என்பது அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் இந்தச் சிந்தனையை எழுதத் தூண்டியது.

அன்பார்ந்தவர்களே, இந்த விளையாட்டைப் பற்றி நாம் அறிந்திருப்பது மிகக் குறைவு. செல்போனில் ஆடுவதெல்லாம் சூதாட்டம் என்று ஒரு சாராரும், பொழுதுபோக்கு என்று ஒரு சாராரும் எண்ணுகிறோம். இரண்டும் முழு உண்மை அல்ல. ஆங்கிலத்தில் இ-ஸ்போர்ட்ஸ் என்று அழைக்கப்படும் மின்விளையாட்டு, அணியாகவோ தனியாகவோ, விதிமுறைகளுக்கு உட்பட்டு, நடுவர் முன்னிலையில் போட்டியாக ஆடப்படுவது. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இது காட்சிப் போட்டியாக நடந்தபோது, குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா என்ற இளைஞர் வெண்கலம் வென்றார். ஹாங்சோவில் 2023இல் நடந்த ஆசியப் போட்டிகளில் இது முறையான பதக்க விளையாட்டாயிற்று. 2022 டிசம்பரில் மத்திய அரசு இதை இளைஞர் நலன், விளையாட்டுத் துறை அமைச்சகத்தின் பொறுப்பில் வைத்தது. 2025 மே மாதம் பீகாரில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளிலும் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டு சென்னை, மதுரை, திருச்சி, கோவையில் அதே போட்டிகள் நடந்தபோது அந்த இடத்தில் நமது சிலம்பம் இருந்தது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

சூதாட்டம் வேறு. அதன் கொடுமையைத் தமிழகம் நன்கு அறியும். ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்த நிலையில், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் 2022இல் குழு அமைக்கப்பட்டு, அதே ஆண்டு சட்டம் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுகளுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்க அச்சட்டம் வழி செய்கிறது. அதே சட்டம்தான் மின்விளையாட்டைப் போட்டி விளையாட்டாக ஏற்றுக்கொள்கிறது. போட்டி நடத்துவோர் நுழைவுக் கட்டணம் வாங்கலாம், பரிசும் தரலாம். பந்தயம் கட்டுதல் கூடாது. இந்திய கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் பெயர் பொறித்திருந்த நிறுவனமே இச்சட்டத்தால் பணப் போட்டிகளை நிறுத்தியது என்றால், இதன் வீச்சை நீங்களே எண்ணிப்பாருங்கள்.

நமது பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை. அதனால் ஏமாறுகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒருவர் போட்டி நடத்துவதாகச் சொல்லி ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கியிருக்கிறார். நம் பங்கில் மட்டும் இருபதுக்கு மேற்பட்டோர் கட்டினார்கள். போட்டி நாளன்று அந்த எண் அணைந்துகிடந்தது. ஐம்பது ரூபாய்தானே என்று நாம் சொல்லலாம். இறால் உரித்துச் சம்பாதித்த தாயின் சுருக்குப்பையிலிருந்து எடுத்த ஐம்பது ரூபாய் என்று பிறகுதான் ஒருவன் அழுதுகொண்டே சொன்னான்.

சரி, திறமை இருக்கிறதா? இருக்கிறது என்றே நாம் நம்புகிறோம். வத்தையின் முனையில் நின்று நீரோட்டத்தைப் பார்த்தே வலை போடும் இடத்தைச் சொல்லும் கண் இந்தப் பிள்ளைகளுக்கு உண்டு. நான்கு பேர் ஒரு படகில் ஒருவரையொருவர் பார்க்காமலேயே வேலையைப் பகிர்ந்து செய்யும் பழக்கம் உண்டு. நால்வர் அணியாக ஆடப்படும் இந்த ஆட்டங்களில் இவையெல்லாம் தேவைப்படுகின்றன என்று அவர்களே நமக்கு விளக்கினார்கள். ஆனால் திறமை இருப்பது ஒன்று, அது வளர்வது வேறொன்று.

இராமேஸ்வரம் தீவில் பிறந்த அப்துல் கலாமைப் பற்றிப் பேசும்போது, அவர் காலையில் செய்தித்தாள் போட்டார், உழைத்தார், உயர்ந்தார் என்று மேடைதோறும் சொல்கிறோம். அவர் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருப்பது அவ்வளவு சுருக்கமானது அல்ல. தீவின் தொடக்கப் பள்ளியில் தம் வீட்டிற்கே அழைத்து உணவிட்ட சிவசுப்பிரமணிய ஐயர் இருந்தார். பாம்பனைக் கடந்து இராமநாதபுரத்தில் ஷ்வார்ட்ஸ் பள்ளி இருந்தது, அங்கே ஐயாத்துரை சாலமோன் என்ற ஆசிரியர் இருந்தார். சென்னையில் படிக்கக் கட்டணம் இல்லாதபோது நகையை அடகு வைத்த சகோதரி இருந்தார். இத்தனை படிகளும் இருந்ததால்தான் ஏற முடிந்தது. ஒரு படி உடைந்திருந்தாலும் அவர் இராமேஸ்வரத்திலேயே நின்றிருக்கக் கூடும்.

மின்விளையாட்டுக்கு மிக நெருங்கிய உறவான சதுரங்கத்தில் தமிழகம் செய்து காட்டியதும் இதுவே. 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன், தான் வென்றது போதும் என்று இருந்துவிடவில்லை. 1972இல் சென்னையில் அன்றைய சோவியத் கலாச்சார மையத்தில் தால் சதுரங்கக் கழகம் தொடங்கப்பட்டதில் அவர் பங்கு பெரிது. பலகைகள், புத்தகங்கள், வாரந்தோறும் ஆட்டம், தோற்றால் ஏன் தோற்றாய் என்று சொல்ல ஒரு மூத்தவர் – இவ்வளவுதான் அங்கே இருந்தது. அந்தக் கழகத்திற்குச் சிறுவனாக வந்து ஆடிய விஸ்வநாதன் ஆனந்த் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். ஆரோன் பட்டம் பெற்றதற்கும் ஆனந்த் பட்டம் பெற்றதற்கும் இடையே 27 ஆண்டுகள். ஆனந்திற்கும், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலக வாகையரான குகேஷுக்கும் இடையே இன்னொரு தலைமுறை. இன்று நாட்டின் கிராண்ட்மாஸ்டர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தமிழகத்தவர்.

இதெல்லாம் சென்னைக்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நமக்கு அருகே உள்ள காரைக்குடியைச் சேர்ந்த மு. பிரணேஷ் 2023 ஜனவரியில் நாட்டின் 79ஆவது கிராண்ட்மாஸ்டரானார். அவர் தந்தை ஜவுளிக்கடையில் கணக்கர், தாய் அங்கன்வாடிப் பணியாளர். மதுரையின் அரவிந்த் சிதம்பரம் மூன்று வயதில் தந்தையை இழந்தவர். இந்த அரவிந்தைத்தான் 2025இல் எஸ்8யுஎல் என்ற இந்திய மின்விளையாட்டு அணி ஒப்பந்தம் செய்தது. நம் பிள்ளைகள் மதிலோரம் ஆடும் அதே துப்பாக்கி ஆட்டத்தால் பெயர் பெற்ற அணி அது! அந்த ஆண்டு ரியாத்தில் நடந்த மின்விளையாட்டு உலகக் கோப்பையில் சதுரங்கமும் சேர்க்கப்பட்டு, அதற்கு 15 லட்சம் டாலர் பரிசும் வைக்கப்பட்டது. மணிக்கணக்கில் கன்னத்தில் கை வைத்து ஆடுவது சதுரங்கம், செல்போனில் ஆடுவது கெட்ட பழக்கம் என்று பிரித்து வைத்திருந்த கோடு இப்படி அழிந்துகொண்டிருக்கிறது.

ஆயினும் ஒரு பெரிய வேறுபாட்டை மறைத்துப் பேசுவது பிள்ளைகளுக்கு நாம் செய்யும் துரோகமாகும். சதுரங்கப் பலகை யாருக்கும் சொந்தமில்லை. கபடிக் களத்தைக் கடற்கரை மணலில் காலால் கோடு போட்டு உண்டாக்கலாம். மின்விளையாட்டில் மைதானமே ஒரு நிறுவனத்தின் சொத்து. நிறுவனம் விதியை மாற்றலாம், ஆட்டத்தையே நிறுத்தலாம். அரசும் கதவைச் சாத்தலாம். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகள் தடை செய்யப்பட்டன. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் ஆட்டத்திற்கும் அதுவே நேர்ந்தது. பப்ஜிக்கு மாற்றாக 2021இல் வந்த பிஜிஎம்ஐ ஆட்டம் 2022 ஜூலை 28 அன்று கடைகளிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம்தான் திரும்பியது. அந்தப் பத்து மாதங்கள் அதையே தொழிலாக நம்பிய வீரர்கள் என்ன செய்திருப்பார்கள்?

நம் மக்களுக்கு இது புரியாத கதை அல்ல. கடலும் நமக்கு இப்படித்தானே மூடப்படுகிறது? தடைக்காலம் என்றால் நாள் குறித்துச் சொல்லிவிடுகிறார்கள். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறையும் தெரிந்ததே. ஆனால் இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போனால், அதற்கு வேலைநிறுத்தம் அறிவித்தால், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், மறுநாள் அடுப்பு எரியுமா என்பது தெரியாது. அப்பாவின் தொழிலில் உள்ள இந்த நிச்சயமின்மையிலிருந்து தப்பிக்கத்தான் பையன் செல்போனைப் பிடிக்கிறான். அங்கேயும் அதே நிச்சயமின்மை, கூடுதலாக ஒரு கெடுவும் உண்டு: இந்த விளையாட்டில் பெரும்பாலோர் இருபதுகளின் நடுவிலேயே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். கடலில் ஐம்பது வயதிலும் ஓர் ஆளுக்குப் பங்கு உண்டு.

தென் கொரியாவைப் பார்த்துக் கற்கலாம் என்பார்கள். அங்கே 2000ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சங்கம் அமைத்தார்கள். ஃபேக்கர் என்ற பெயரில் ஆடும் லீ சாங்-ஹியோக் 2013இல் தொழில்முறை ஆட்டத்திற்கு வந்து, பத்தாண்டுகள் கழித்து ஹாங்சோவில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். அதே கொரியா 2011இல் பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை ஆன்லைனில் ஆடக் கூடாது என்று சட்டம் போட்டது. பிள்ளைகள் பெற்றோரின் எண்ணைக் கொண்டு ஆடினார்கள், விளையாட்டும் கணினியிலிருந்து செல்போனுக்கு நகர்ந்துவிட்டது. பத்தாண்டில் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். சீனா 2021இல் வாரத்திற்கு மூன்று மணி நேரம் என்று சுருக்கியது. பூட்டுப் போடுவது எளிது. சாவியைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

மறுபுறம், உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்தைச் சேர்த்திருப்பதையும் நாம் மறக்க முடியாது. உறக்கம் கெட்டு, பள்ளியை விட்டு, வீட்டாரோடு பேச்சற்றுப் போன இருவரை நம் பங்கிலேயே நாம் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அகுதிஸிடம் விளையாட்டுக் கருவி இருந்தது, அதில் வாரத்திற்கு ஒரு மணி நேரம் மட்டுமே ஆடுவது என்று தமக்குத் தாமே வரையறுத்துக்கொண்டார் என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் சொன்னபோது, ஒரு சிறுவன் எழுந்து, "அப்ப அவர் டீம்ல சேர முடியாது ஃபாதர்" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னதும் சரிதான். புனிதருக்குப் போதுமான ஒரு மணி நேரம் தொழில்முறை வீரருக்குப் போதாது. நாளுக்கு எட்டு மணி நேரத்திற்குக் குறையாமல் பயிற்சி எடுக்கும் தொழிலாக இதைப் பார்த்தால்தான், யாரை அதற்கு அனுப்பலாம், யாரை அனுப்பக் கூடாது என்று நேர்மையாகப் பேச முடியும்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கடைக்கோடியில் நீரோடி முதல் இரையுமன்துறை வரை எட்டு மீனவக் கிராமங்கள் உள்ளன. தூத்தூர்ப் பகுதி என்பார்கள். சுறா வேட்டைக்கு ஆழ்கடல் போகும் மக்கள். ஒக்கி புயலில், 2017இல், அங்கே விழுந்த மரணங்களை நாம் இன்றும் மறக்கவில்லை. அந்தக் குறுகிய கடற்கரையிலிருந்து தமிழக சந்தோஷ் டிராபி கால்பந்து அணிக்கு எத்தனை வீரர்கள்! மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை சென்றார். அங்கே பங்குதோறும் ஒரு மைதானம், ஒரு மன்றம், ஊருக்கு ஊர் போட்டி, தூத்தூர் புனித யூதா கல்லூரியில் அணி, அதன் வழியே பல்கலைக்கழகம், வங்கி அணி, வேலை என்று படிகள் இருந்தன. எல்லோரும் சூசைராஜ் ஆகவில்லை. ஆனால் ஆகாதவர்களுக்கும் ஒரு கல்லூரிப் பட்டமும், பலருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையும் கிடைத்தன. ஏணியில் பாதி ஏறியவனும் தரையிலிருந்து உயரத்தில்தான் நிற்கிறான்.

மின்விளையாட்டில் இன்று நமக்கு இல்லாதது இந்த நடுப்படிகள்தாம். மதிலோரச் செல்போனிலிருந்து நேரே கோடி ரூபாய் மேடைக்குக் கனவு தாவுகிறது. இடையில் மாவட்டப் போட்டி இல்லை, பயிற்சியாளர் இல்லை. இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கில் தடகளத்திற்கு ஓடுபாதை உண்டு, இதற்கு ஒரு மேசை கிடையாது. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் தமிழகத்திலிருந்து விருதுநகரும் இராமநாதபுரமுமே இருந்தன என்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம் ஏற்பட்டாலும் ஆட்டம் தோற்றுவிடும் என்கிறார்கள் பிள்ளைகள். சென்னைப் பையன் கம்பிவழி இணையத்தில் ஆடுகிறான், நம் பையன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து மதிலில் இடம் மாறுகிறான்.

தாலந்து உவமையில் நாம் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. புதைத்து வைத்த பணியாளனிடம் எஜமான், நீ ஏன் தனியாக உழைத்துப் பெருக்கவில்லை என்று மட்டும் கேட்கவில்லை. வட்டிக்கடையிலாவது போட்டிருக்கலாமே என்கிறார். பெருக்குவதற்கு ஊரில் ஓர் இடம் இருந்ததால்தான் அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. நம் ஊரில் அந்த இடம் எது?

பங்குப்பேரவையில் இதைப் பேசியபோது நல்ல வாக்குவாதம் நடந்தது. "ஆலய மண்டபத்தில் துப்பாக்கிச் சத்தமா?" என்று ஒரு பெரியவர் கொதித்தார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நமக்கும் அந்த ஆட்டத்தின் உள்ளடக்கம் உவப்பானதல்ல. சதுரங்கத்தையும் கால்பந்து ஆட்டத்தையும் முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. மகளிர் பணிக்குழுவிலிருந்து ஒரு தாய் எழுந்து கேட்ட கேள்விக்குத்தான் யாரிடமும் பதில் இல்லை. "பொம்பளப் பிள்ளைங்க ஆட வேணாமா சாமி? வீட்ல இருக்கிற ஒரே போனை அண்ணன்காரன் வச்சிருக்கான்." பாசி எடுக்க மன்னார் வளைகுடாவில் மூழ்கி எழும் தாய் அவர். அதனால் வாரத்தில் மூன்று மாலைகளில் ஒன்று பெண் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்கினோம். இரண்டு பழைய கணினிகள் கிடைத்தன. பதினாறு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சதுரங்கம் மட்டும். பள்ளிக்குப் போகாத நாளில் மண்டபத்திற்கும் வரக் கூடாது. பணம் கட்டும் எந்த ஆட்டத்திற்கும் இடமில்லை. இரவு எட்டரைக்கு விளக்கு அணையும். இந்த ஏற்பாடு வெற்றி பெறுமா என்று இப்போதே சொல்வதற்கில்லை. முதல் மாதத்தில் ஆறு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள், ஒன்பது பேர் புதிதாக வந்தார்கள்.

நாம் இன்டர்நெட் தராமல் அனுப்பிய அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் தந்தையும் உடன் வந்திருந்தார். "கடலுக்கும் வர மாட்டேங்கிறான், பள்ளிக்கூடத்துக்கும் போக மாட்டேங்கிறான், நீங்களும் இதுக்குத் துணை போறீங்களே சாமி" என்று அவர் வருத்தத்தோடு சொன்னார். நீண்ட நேரம் பேசினோம். முடிவில் ஒரு உடன்பாடு: பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத வேண்டும், விசைப்படகு போகும் மூன்று நாட்களில் ஒரு நாளாவது அப்பாவோடு போக வேண்டும், மற்ற மாலைகளில் மண்டபத்தில் ஆடலாம். ஓராண்டு. அதற்குள் எந்த அணியும் அழைக்காவிட்டால் தந்தையும் மகனும் சேர்ந்து அடுத்ததை முடிவு செய்வார்கள். ஆட்டத்தைவிட, மற்றவர்கள் ஆடும்போது தமிழில் வருணனை சொல்வதில் அவன் கெட்டிக்காரன் என்பதை மண்டபத்தில்தான் கண்டுகொண்டோம். மீன் ஏலம் கூறும் தாத்தாவின் குரல் என்று ஊரார் சொல்கிறார்கள். சதுரங்க ஆட்டம் ஒன்றுக்கு அவன் சொன்ன வருணனையைக் கேட்டு, கொதித்த அந்தப் பெரியவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தேர்வு மார்ச்சில். விண்ணப்பக் கட்டணத்தை அவன் தந்தையே கட்டினார்.